வீட்டுக் கருவிகள் பேசும் மொழிகள் – ஒரு மதிப்பீடு

திருப்பூரில் பனியன் தொழில் தெரிந்தவரிடம் "முப்பதாம் நம்பர் நூல்" என்று சொன்னால் போதும். வேறு விளக்கம் வேண்டுவதில்லை. 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் முப்பது சேர்ந்து ஒரு பவுண்டு எடை நிற்குமானால் அது முப்பதாம் நம்பர் நூல். அதை நூற்றது கோவை ஆலையா, திண்டுக்கல் ஆலையா என்று பின்னல் இயந்திரம் கேட்பதில்லை. ஓர் ஆலை மூடிவிட்டால் அடுத்த ஆலையில் நூல் வாங்கிக் கொள்ளலாம். இயந்திரத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அளவு ஒருவருக்கே உரியதாக இல்லாமல் பொதுவாக இருப்பதன் பயன் இது.

இதே ஊரில் மின்பொருள் விற்கும் கடைக்குச் சென்று 'ஸ்மார்ட்' என்று பெயரிட்ட பொருள்களைப் பாருங்கள். கைப்பேசியால் எரியும் விளக்கு, குரல் கேட்டுச் சுழலும் மின்விசிறி, ஆள் வந்தால் செய்தி அனுப்பும் காமிரா என்று பலவும் உள்ளன. பெட்டிகளின் மேல் வைஃபை, சிக்பீ, இசட்-வேவ், புளூடூத், திரெட், மேட்டர் என்று பல பெயர்கள். இவை கருவிகள் கம்பியின்றித் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழிகள். பொறியியலார் இவற்றை நெறிமுறைகள் என்பர். ஒரு மொழி பேசும் விளக்குக்கு இன்னொரு மொழி பேசும் சுவிட்சின் கட்டளை புரியாது. நூலுக்குக் கிடைத்த பொது அளவு வீட்டுக் கருவிகளுக்கு ஏன் கிடைக்கவில்லை? இன்றுள்ள மொழிகளில் எது நம் வீட்டுக்கு ஏற்றது? இவ்விரு கேள்விகளையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

அளவுகோல் எது?

விளம்பரங்கள் வேகத்தையும் தொலைவையும் மட்டுமே சொல்கின்றன. விளக்கை எரியவிட வேகம் எதற்கு? 'எரி' என்ற ஆணைக்குச் சில பத்து எழுத்துகள் இருந்தால் போதும். ஆகவே நாம் வேறு அளவுகோல் எடுத்துக் கொள்வோம். அதில் நான்கு கேள்விகள் உண்டு.

ஒன்று: மின்சாரம் நின்று மீண்டும் வந்தால் கருவி தானாகவே பழைய நிலைக்குத் திரும்புமா? இரண்டு: இணையத் தொடர்பு அறுந்துபோனால் வீட்டுக்குள் சுவிட்சும் விளக்கும் ஒன்றையொன்று அறியுமா? மூன்று: கருவியைச் செய்த கம்பெனி நாளை மூடிவிட்டால் கருவி உயிரோடிருக்குமா? நான்கு: வேறொரு கம்பெனியின் கருவியோடு அது பேசுமா?

இவற்றோடு நம் ஊர் வீட்டின் அமைப்பையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒரு சுவரை இருபுறமும் பகிர்ந்துகொள்ளும் லைன் வீடுகள், கம்பி வைத்துக் கட்டிய கான்கிரீட் தளங்கள், தகரக் கூரை போட்ட பின்னல் கொட்டகைகள் ஆகியவை திருப்பூரின் அன்றாடக் காட்சி. கான்கிரீட் வானலையை விழுங்குகிறது. தகரம் அதைத் திருப்பி அடிக்கிறது. மேலைநாட்டு மரச்சுவர் வீட்டில் எடுத்த அளவு இங்கே பொருந்தாது.

வானலையில் யாருக்கு எங்கே இடம்?

வானலை பொதுச் சொத்து. அதில் எந்த அதிர்வெண்ணை யார் பயன்படுத்தலாம் என்பதை அரசு வகுக்கிறது. இந்தியாவில் வீட்டுக் கருவிகளுக்கு உரிமம் வேண்டாத இடங்களாக முக்கியமாக இரண்டைச் சொல்லலாம். ஒன்று 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை. மற்றது 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை. இரண்டையும் குறைந்த ஆற்றல் கருவிகளுக்கு 2005இல் அரசு திறந்துவிட்டது. பின்னதன் எல்லை 2021இல் 868 வரை நீட்டப்பட்டது.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு சிறு கணக்கால் அறியலாம். அலைநீளத்தை மீட்டரில் காண, 300ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் போதும். 2440க்கு ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் வரும். 865க்கு ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் வரும். நீண்ட அலைக்கு ஏற்ற ஏரியல் பெரிதாகையால் அது வானலையிலிருந்து அதிக ஆற்றலை அள்ளுகிறது. அனுப்பும் ஆற்றலும் தொலைவும் ஒன்றாக இருக்க, திறந்த வெளியில் 865 மெகாஹெர்ட்ஸ் கருவி பெறும் ஆற்றல், 2440 மெகாஹெர்ட்ஸ் கருவி பெறுவதைப் போல ஏறத்தாழ 8 மடங்கு. அலைநீளங்களின் விகிதத்தைத் தன்னால் பெருக்கினால் இந்த எட்டு வந்துவிடும், செய்து பாருங்கள். சுவரைக் கடப்பதிலும் பொதுவாக நீண்ட அலைக்கே வலிமை அதிகம்.

அப்படியானால் எல்லோரும் 865க்கு வரலாமே? அங்கே இடம் குறுகல். மூன்று மெகாஹெர்ட்ஸ் அகலச் சந்தில் படக்காட்சி போன்ற பெரிய பாரத்தை ஏற்ற இயலாது. 2400இல் 83 மெகாஹெர்ட்ஸ் அகலமான சாலை இருக்கிறது. ஆனால் வைஃபை, புளூடூத், சிக்பீ, மைக்ரோவேவ் அடுப்பின் கசிவு எல்லாம் அதே சாலையில்தான் ஓடுகின்றன.

வைஃபை: எளிது, ஆனால் பசி அதிகம்

கடைகளில் விற்கும் மலிவான ஸ்மார்ட் கருவிகளில் பெரும்பாலானவை வைஃபை பேசுவன. காரணம் எளிது. ஷாங்காய் நகரின் எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2014இல் வெளியிட்ட ஈஎஸ்பி8266 என்னும் சில்லும் அதன் பின் வந்தவைகளும் விலையை வெகுவாகக் குறைத்துவிட்டன. வீட்டில் ரவுட்டர் ஏற்கெனவே இருக்கிறது. வேறு மையக் கருவி வேண்டாம். இவை வைஃபையின் நற்குணங்கள்.

குறை, ஆற்றலில் இருக்கிறது. அந்தச் சில்லு செய்தி அனுப்பும்போது ஏறத்தாழ 170 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் இழுக்கிறது. நாணய வடிவப் பாட்டரி ஒன்றின் கொள்ளளவு ஏறத்தாழ 220 மில்லி ஆம்பியர்-மணி. கணக்குக்காக வகுத்துப் பாருங்கள்: ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அத்தனை மின்னோட்டத்தை அந்தச் சிறு பாட்டரியால் தரவும் முடியாது. ஆகவே கதவில் ஒட்டும் சிறு உணர்விக்கு வைஃபை ஏற்றதன்று.

மின்இணைப்பில் இருக்கும் கருவியும் சும்மா இருக்கும்போது சிறிது மின்சாரம் உண்ணும். ஒவ்வொன்றும் அரை வாட் உண்பதாகக் கொண்டால், பத்துக் கருவிகள் ஓர் ஆண்டில் ஏறத்தாழ 44 யூனிட்டுகளை விழுங்கிவிடும். மின்சாரத்தை மிச்சப்படுத்த என்று வாங்கும் கருவி முதலில் இந்த 44 யூனிட்டை மிச்சப்படுத்திக் காட்ட வேண்டும்.

இன்னொரு குறை நெரிசல். 2400இல் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வைஃபைத் தடங்கள் 1, 6, 11 என மூன்றே. ஒரு வரிசையில் பத்து லைன் வீடுகள், பத்து ரவுட்டர்கள் என்றால் மூன்று தடங்களையும் பத்துப் பேர் பங்கிட வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருப்பது வைஃபையின் ஒழுங்கு. காத்திருப்பு நீண்டால் விளக்கு தாமதித்து எரியும். குற்றம் விளக்கின்மேல் வரும்.

சிக்பீயும் திரெட்டும்: கை மாற்றிக் கொடுக்கும் வலை

ஐஈஈஈ 802.15.4 என்னும் தரம் 2003இல் வெளியாயிற்று. சிறு செய்தி, குறைந்த ஆற்றல், குறைந்த விலை என்பனவே அதன் நோக்கம். ஒரு செய்திக்கட்டு 127 பைட்டுக்கு மேல் போகாது. வேகம் வினாடிக்கு 250 கிலோபிட். சிக்பீ, திரெட் இரண்டும் இந்த அடித்தளத்தின்மேல் எழுந்தவை.

இவற்றின் சிறப்பு வலையமைப்பு. முன்வாசல் விளக்கு சொல்வது கொல்லைப்புறத்துக்கு நேரே எட்டாவிட்டால், நடுவிலுள்ள கூடத்து விளக்கு அதைக் கேட்டு அடுத்ததற்குச் சொல்லும். பின்னலாடையில் ஒரு கண்ணி அறுந்தால் வரிசையாக அவிழ்ந்து ஓடும் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த வலை அப்படியன்று. ஒரு கண்ணி அறுந்தால் செய்தி வேறு கண்ணி வழியே சுற்றிச் செல்லும். கான்கிரீட் சுவர் நிறைந்த வீட்டுக்கு இது நல்ல ஏற்பாடு. உறங்கி விழிக்கும் உணர்விகள் ஒரு சிறு பாட்டரியில் ஆண்டுக்கணக்கில் ஓடவும் முடிகிறது. வைஃபைத் தடம் 11க்கு மேலே காலியாயிருக்கும் ஓரத்தில் சிக்பீயின் 25, 26ஆம் தடங்கள் அமைந்திருப்பதால் நெரிசலுக்கும் ஓரளவு பரிகாரம் உண்டு.

ஆனால் நம் வழக்கம் ஒன்று இந்த வலையை அறுத்துவிடுகிறது. அறையை விட்டு வெளியேறும்போது சுவரிலுள்ள சுவிட்சை அணைப்பது நம் பழக்கம், நல்ல பழக்கமும்கூட. சுவிட்சை அணைத்ததும் ஸ்மார்ட் விளக்கு உயிரற்றுப் போகிறது. அதன் வழியே செய்தி பெற்ற கருவிகளும் வழி தேடி அலைகின்றன. எனவே நம் வீட்டில் அறிவு இருக்க வேண்டிய இடம் பல்பு அன்று. சுவிட்சுப் பலகையின் உள்ளே. அங்கோ இன்னொரு தடை: சுவரில் புதைத்த இரும்புப் பெட்டி அலையைப் பின்புறமும் பக்கங்களிலும் மறைக்கிறது. முன்புறப் பிளாஸ்டிக் வழியாக மட்டுமே அலை வெளியேற வேண்டும்.

முதல் கேள்வியிலும் ஒரு குறை இருந்தது. 2012இல் வந்த பிலிப்ஸ் ஹ்யூ விளக்குகள், மின்தடை நீங்கியதும் நள்ளிரவானாலும் முழு ஒளியுடன் எரியத் தொடங்கும். பழைய நிலைக்குத் திரும்பும் வசதி 2018இல்தான் சேர்க்கப்பட்டது. மின்தடையே அறியாத ஊரில் வடிவமைத்த பொருளுக்கு இக்கேள்வி தோன்ற இத்தனை ஆண்டுகள் ஆயின.

பூட்டும் சாவியும் பற்றியும் சொல்ல வேண்டும். சிக்பீ விளக்குகளுக்கென வைத்திருந்த பொது இரகசியத் திறவுகோல் 2015இல் வெளியே கசிந்துவிட்டது. இரகசியக் குறியீட்டுக் கலையில் புகழ்பெற்ற அடி ஷமீரும் அவருடைய குழுவினரும் 2016இல் ஒரு சோதனை நடத்தினர். ஒரு கட்டடத்துக்கு ஏறத்தாழ 350 மீட்டர் தொலைவில் ஆளில்லா விமானத்தைப் பறக்கவிட்டு, உள்ளேயிருந்த விளக்குகளைத் தம் வசமாக்கினர். விளக்குகள் 'காப்பாற்றுங்கள்' என்னும் எஸ்ஓஎஸ் குறியில் கண்சிமிட்டின. குறையை முன்கூட்டியே நிறுவனத்துக்குத் தெரிவித்ததால் அது திருத்தப்பட்டது. எல்லா வீட்டுக்கும் ஒரே சாவி என்பது பூட்டே இல்லாததற்குச் சமம் என்ற பாடம் நிலைத்தது.

இசட்-வேவ்: வெளிநாட்டு உறவினருக்கு ஓர் எச்சரிக்கை

டென்மார்க்கின் சென்சிஸ் நிறுவனம் படைத்த இசட்-வேவ், குறைந்த அதிர்வெண்ணை நம்புகிறது. இந்தியாவில் அதற்குரிய அதிர்வெண் 865.2 மெகாஹெர்ட்ஸ். நெரிசலும் குறைவு, சுவர் கடக்கும் வலிமையும் உண்டு. ஆனால் நீண்ட காலம் அதன் சில்லு ஒரே நிறுவனத்திடமிருந்தே வந்தது. அந்த உரிமை 2008இல் சிக்மா டிசைன்ஸ் கைக்கும், 2018இல் சிலிக்கான் லேப்ஸ் கைக்கும் மாறியது. நூல் ஒரே ஆலையில்தான் கிடைக்கும் என்றால் எந்த முதலாளி பின்னல் இயந்திரம் வாங்குவார்? 2019 டிசம்பரில் மற்றவர்களும் சில்லு செய்யலாம் என்று கதவைத் திறப்பதாக அறிவித்தனர். அதற்குள் உலகம் வேறு மொழிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இசட்-வேவின் அதிர்வெண் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 908.4; ஐரோப்பாவில் 868.4. அமெரிக்காவிலிருந்து வரும் உறவினர் அன்பளிப்பாகக் கொண்டுவரும் கருவி இங்குள்ள இசட்-வேவ் கருவியோடு பேசாது. அதைவிடப் பெரிய கேடும் உண்டு. இந்தியாவில் 890 முதல் 915 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் கைப்பேசிகள் கோபுரத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. அக்கருவி அந்தப் பேச்சின் நடுவே கூச்சலிடும். அது சட்டப்படியும் குற்றம்.

புளூடூத் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். தடத்துக்குத் தடம் தாவித் தாவிப் பேசுவதால் நெரிசலை நன்கு சமாளிக்கிறது. எல்லாக் கைப்பேசியிலும் இருக்கிறது. புதிய கருவியை வீட்டில் முதன்முதலாக அறிமுகப்படுத்துவதற்கு இதைவிட எளிய வழி இல்லை. 2017இல் இதற்கும் வலையமைப்பு வந்தது. ஆனால் வீடு முழுவதையும் ஆளும் மொழியாக அது இன்னும் வேரூன்றவில்லை.

கம்பெனி மூடினால்?

மூன்றாவது கேள்விக்கு வருவோம். இதுவரை சொன்ன குறைகளை எல்லாம் பொறியியலார் திருத்திவிடலாம். இதை அவர்களால் மட்டும் திருத்த முடியாது.

மலிவான வைஃபை விளக்கு ஒன்றை நீங்கள் கைப்பேசியால் எரியவிடும்போது என்ன நடக்கிறது? பல கருவிகளில் உங்கள் ஆணை நேரே விளக்குக்குப் போவதில்லை. கடல் கடந்து கம்பெனியின் கணிப்பொறிக்குச் சென்று, அங்கிருந்து திரும்பி வந்து விளக்கை அடைகிறது. எதிர்ச் சுவரிலுள்ள விளக்குக்கு இத்தனை பயணம்! இணையம் அறுந்தால் ஆணையும் அறுந்தது. கணிப்பொறியை நிறுத்திவிட்டால் விளக்கின் 'ஸ்மார்ட்' தன்மையும் முடிந்தது.

இது கற்பனையான அச்சம் அன்று. அமெரிக்காவில் ஏறத்தாழ 300 டாலருக்கு விற்ற ரிவால்வ் என்னும் மையக் கருவியை, அதை விலைக்கு வாங்கிய நெஸ்ட் நிறுவனம் 2016 மே மாதம் செயலிழக்கச் செய்தது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் நிறுவனத்தின் கணிப்பொறிகள் முன்னறிவிப்பின்றி நின்றுபோயின. பின்னர் அதைப் பயன்படுத்தியவர்களிலேயே சிலர் சேர்ந்து நிறுவனத்தை வாங்கி மீண்டும் இயக்கினர். பெல்கின் நிறுவனம் தன் வீமோ கருவிகள் பலவற்றுக்கு 2026 ஜனவரியோடு ஆதரவை நிறுத்துவதாக 2025இல் அறிவித்தது. கருவியில் பழுதில்லை, மின்சாரம் இருக்கிறது, வானலை இருக்கிறது. ஆயினும் பயனில்லை. காசு கொடுத்து வாங்கியது பொருளா, வாடகையா என்ற ஐயம் எழுகிறதல்லவா?

'மேட்டர்': நல்ல முயற்சி, முற்றுப்பெறாத பணி

இக்குறைகளை எல்லாம் கண்ட பின்னரே ஆப்பிள், கூகுள், அமேசான் ஆகிய போட்டியாளர்கள் 2019 டிசம்பரில் சிக்பீ கூட்டமைப்போடு ஒரே மேசையில் அமர்ந்தனர். அதன் பயனாக 2022 அக்டோபரில் 'மேட்டர்' என்னும் பொது மொழியின் முதற்பதிப்பு வந்தது.

மேட்டர் புதிய வானலை அன்று. வைஃபை, திரெட், கம்பி இணைப்பு ஆகியவற்றின்மேல் ஏறிச் செல்லும் சொல் வழக்கு. எழுத்தும் மையும் பழையவை. இலக்கணம் மட்டும் புதியது எனலாம். இதன் நிறைகள் மூன்று. வீட்டுக்குள் ஆணை வீட்டுக்குள்ளேயே செல்கிறது; இணையம் அறுந்தாலும் சுவிட்சும் விளக்கும் பேசும். ஒரு கருவியை ஒன்றுக்கு மேற்பட்ட கம்பெனிகளின் கட்டுப்பாட்டு அமைப்புகளில் ஒரே நேரத்தில் சேர்க்கலாம். ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி அடையாளச் சான்று உண்டு. ஊருக்கெல்லாம் ஒரே சாவி என்ற பழைய பிழை இல்லை. மின்சாரம் திரும்பும்போது விளக்கு எந்நிலையில் தொடங்க வேண்டும் என்று குறிக்கவும் இடம் வைத்திருக்கிறார்கள். நம் நான்கு கேள்விகளையும் இதை வகுத்தவர்கள் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் குறைகளைச் சொல்லாமல் விட முடியாது. முதலாவது, இதன் அகராதி யாருடைய வீட்டைப் பார்த்து எழுதப்பட்டது? முதற்பதிப்பில் விளக்கு உண்டு, கதவுப் பூட்டு உண்டு, சன்னல் திரைச்சீலைகூட உண்டு. மின்விசிறி தனிக் கருவியாக இடம்பெற்றது 2023 அக்டோபரில் வந்த 1.2ஆம் பதிப்பில்தான். கோடையில் திருப்பூர் வீட்டுக்காரரிடம் திரைச்சீலை முக்கியமா, மின்விசிறி முக்கியமா என்று கேட்டிருந்தால் விடை உடனே கிடைத்திருக்கும்.

இரண்டாவது, பொது மொழியில் பொதுச் சொற்களே உள்ளன. கம்பெனி தன் கருவிக்குத் தரும் சிறப்பு வசதிகளைத் தன் சொந்தச் செயலியில் பூட்டி வைத்துக்கொள்ளலாம். எரி, அணை என்பதை எல்லோரும் பேசுவர். மற்றவற்றுக்குப் பழைய வாசலுக்கே போக வேண்டியிருக்கும்.

மூன்றாவது, சிறு உற்பத்தியாளர் நிலை. மேட்டரின் மூல நிரல் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்திருக்கிறது, இது பாராட்டுக்குரியது. ஆனால் பெட்டியின்மேல் மேட்டர் முத்திரை பதிக்க வேண்டுமானால் கூட்டமைப்பில் சேர வேண்டும், ஒப்புதல் பெற்ற ஆய்வகத்தில் சோதனை செலுத்த வேண்டும். பெரிய நிறுவனத்துக்கு இது சில்லறைச் செலவு. கோவையிலோ அவிநாசியிலோ பத்துப் பேரை வைத்துச் சுவிட்சு செய்பவருக்கு இது பெருஞ்சுமை.

தோட்டத்து மோட்டார் சொல்லும் செய்தி

இப்போது வீட்டை விட்டுத் தோட்டத்துக்கு வாருங்கள். பல்லடம், காங்கேயம், தாராபுரம் பக்கம் கிணற்றடியில் ஒரு சிறு பெட்டியைக் காணலாம். ஸ்டார்ட்டரோடு இணைந்த அப்பெட்டிக்குள் ஒரு சிம் அட்டை இருக்கும். மும்முனை மின்சாரம் முறை வைத்து, பல சமயம் இரவில் வருவதால், மோட்டார் போட இருட்டில் வரப்பில் நடந்தவர்கள் நம் உழவர்கள். பாம்புக்கும் வழுக்கலுக்கும் அஞ்சிய அந்த நடையை இப்பெட்டி நிறுத்தியது. புனேயைச் சேர்ந்த சந்தோஷ் ஓஸ்த்வால் என்னும் பொறியாளர் உருவாக்கிய 'நானோ கணேஷ்' இவ்வகையில் நாடறிந்தது. கைப்பேசியால் இயங்கும் பம்புசெட் கருவிகளுக்குத் தமிழ்நாட்டு வேளாண்மைப் பொறியியல் துறை மானியமும் அளித்து வந்திருக்கிறது.

இதன் மொழி என்ன தெரியுமா? தொலைபேசிப் பொத்தானின் ஓசை. 1ஐ அழுத்தினால் 697, 1209 ஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு ஓசைகள் ஒரே நேரத்தில் எழும். 5ஐ அழுத்தினால் 770, 1336. பெட்டி அந்த இரட்டை ஓசையை அறிந்து மோட்டாரைப் போடும் அல்லது நிறுத்தும். சில பெட்டிகளுக்குத் 'தவறிய அழைப்பு' ஒன்றே போதும். பதிவு செய்த எண்ணிலிருந்து மணி அடித்தால் வேலை முடிந்தது. அழைப்பை எடுக்காததால் காசும் இல்லை! கிணற்றில் நீர் வற்றி மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் குறைந்தால், தானே நிறுத்திவிட்டு உரியவருக்குச் செய்தி சொல்லும் பெட்டிகளும் உண்டு.

நம் நான்கு கேள்விகளை இதனிடம் கேட்டுப் பாருங்கள். மின்சாரம் நின்று வந்தால்? அதற்காகவே பிறந்த கருவி இது. இணையம் அறுந்தால்? இணையமே வேண்டாம். கம்பெனி மூடினால்? ஆணை கம்பெனிக்குப் போவதே இல்லை. எண்களின் பட்டியல் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பிறர் கருவியோடு பேசுமா? உலகில் எந்தக் கைப்பேசியும் இதற்குச் சுவிட்சுதான். அழகான செயலியோ குரல் கட்டளையோ இல்லாத இப்பெட்டி, பல ஆயிரம் ரூபாய் ஸ்மார்ட் வீட்டை இந்தத் தேர்வில் தோற்கடித்துவிடுகிறது.

எனினும் இதற்கும் ஒரு மரண நாள் காத்திருக்கிறது. இவ்வகைப் பழைய பெட்டிகளில் பெரும்பாலானவை 2ஜி என்னும் முறையை நம்பியவை. ஆஸ்திரேலியாவின் டெல்ஸ்ட்ரா 2016 டிசம்பரிலும், சிங்கப்பூர் 2017 ஏப்ரலிலும் 2ஜி சேவையை நிறுத்திவிட்டன. இந்தியாவில் 2016இல் வந்த ஜியோவிடம் தொடக்கம் முதலே 2ஜி இல்லை. சில நிறுவனங்களின் 2ஜி இங்கே இன்னும் இயங்குகிறது. அது நிற்கும் நாளில் கிணற்றடிப் பெட்டியும் ஊமையாகும். ஆகவே நாட்டில் ஒரு நெறிமுறையை நிறுத்துமுன் அதை நம்பியிருக்கும் எளிய கருவிகளுக்கும் போதிய கால அவகாசம் தருவது கடமை.

சட்டையில் தொங்கும் சீட்டு

முதற்கேள்விக்குத் திரும்புவோம்: வீட்டுக் கருவிகளுக்கு ஏன் பொது அளவு கிடைக்கவில்லை? விடை திருப்பூரின் ஏற்றுமதிப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

வெளிநாட்டு வாணிகர் பலர் கேட்பதற்கிணங்க, ஆடைகளில் வானலைச் சீட்டு இணைத்து அனுப்பப்படுகிறது. அதில் பாட்டரி இல்லை. படிக்கும் கருவி வீசும் அலையிலிருந்தே ஆற்றல் பெற்று, அதே அலையைத் திருப்பி அனுப்பும் அளவைக் கூட்டிக் குறைத்துத் தன் எண்ணைச் சொல்கிறது. இந்தியாவில் அதைப் படிப்பது நாம் முன்பு கண்ட 865 மெகாஹெர்ட்ஸ் பகுதியில். அமெரிக்காவில் 902 முதல் 928 வரை. ஒரே சீட்டு இரண்டு நாட்டிலும் பேசுமாறு அகன்ற எல்லையில் வடிவமைத்திருக்கிறார்கள். யார் செய்த சீட்டானாலும் யார் செய்த படிப்பானும் அதைப் படிக்கும். 2004இல் வகுத்த ஒரே பொதுத் தரம் உலகெங்கும் ஆள்கிறது.

சீட்டு செய்வோர் மட்டும் தியாகிகளா? இல்லை. வால்மார்ட் போன்ற பெரிய வாணிகர்கள், தம் தேவைக்கேற்ற சீட்டு இல்லாவிட்டால் சரக்கே வேண்டாம் என்னும் நிலையில் இருந்தனர். அந்நிறுவனம் 2003இல் இட்ட கட்டளை இத்துறையையே அசைத்தது. வாங்குபவர் வலியவராக இருந்தார். விற்பவர்கள் ஒரே மொழிக்கு இணங்கினர். வீட்டுக் கருவிச் சந்தையில் வாங்குபவர் நீங்களும் நானும். ஒருவர் ஒரு விளக்கு, மற்றவர் ஒரு சுவிட்சு என்று தனித்தனியே வாங்குகிறோம். கேட்பாரில்லை, ஆகவே விற்பவர் தத்தம் மொழியில் நம்மைக் கட்டிப்போடுகிறார். மொழிகள் பிரிந்திருப்பதற்கு முதற்காரணம் அறிவியல் அன்று, வாணிகம்.

முடிவாக

வானலை முறை என்ற அளவில் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு. படம் அனுப்பும் காமிராவுக்கு வைஃபை. பாட்டரியில் ஓடும் உணர்விக்குச் சிக்பீயோ திரெட்டோ. நெடுந்தொலைவுத் தோட்டத்துக்குக் கைப்பேசி வலை. பொது மொழியாக மேட்டரே இன்று நம்பத்தக்க திசை. ஆனால் அதன் முத்திரையை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம்.

கடையில் ஒரு கேள்வி கேளுங்கள்: "இணையத்தைப் பிடுங்கிவிட்டால் இது வேலை செய்யுமா?" விற்பவர் தயங்கினால் நீங்களும் தயங்குங்கள். பத்துப் பேர் கேட்டால் விற்பவர் மொத்த வியாபாரியிடம் கேட்பார். ஆயிரம் பேர் கேட்டால் உற்பத்தியாளருக்கு எட்டும். பெரிய வாணிகர் ஒருவரால் செய்ய முடிந்ததைச் சிறியவர் பலர் சேர்ந்தும் செய்யலாம்.

பாலிடெக்னிக்கிலும் பொறியியல் கல்லூரியிலும் பயிலும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2013இல் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட் போன்ற திறந்த மென்பொருள்கள், ஒரு சிறு கணிப்பொறியை வைத்து வீட்டுக்குள்ளேயே எல்லாவற்றையும் இயக்க உதவுகின்றன. சில நூறு ரூபாய்ச் சில்லும் கிடைக்கிறது. லைன் வீட்டின் மேல்நிலைத் தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் கருவி ஒன்றை, இணையம் இல்லாமல், மின்தடைக்குப் பின் தானே தன் நிலையை உணர்வதாக, செய்து பாருங்கள். அதற்கு வேண்டிய வானலை உரிமம் இன்றியே திறந்திருக்கிறது. மூல நிரலும் திறந்திருக்கிறது. நம் வீட்டுக்கு வேண்டிய சொற்களை அந்த அகராதியில் சேர்க்க நம்மவர் கைதான் இன்னும் எழவேண்டும்.